கொடியில் காய்ந்த லண்டன்

பரா சேர் காலமான செய்தி எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, அதற்குக் கீழே முதலில் விழுந்தவை சிரிப்பு முகங்கள். "வேலணையைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட ஆசிரியர் பரராசசிங்கம் அவர்கள் இன்று அதிகாலை காலமானார்" என்று செய்தி சொன்னது. கண்ணீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து குவிந்தன. விஞ்ஞானம் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர், "சேர், எட்டுச்செலவு எப்ப? வடை இருக்குமோ?" என்று எட்டாம் நாள் படையலை விசாரித்திருந்தார். அவர்களில் யாரும் ஈரமில்லாதவர்கள் அல்லர். உயிரோடிருப்பவற்றுக்கும் உயிரே இல்லாதவற்றுக்கும் முகநூலில் மரண அறிவித்தல் வாசிப்பது பரா சேரின் தொழில் போலவே ஆகிவிட்டிருந்தது. அதற்கு முந்திய கிழமைதான் எங்கள் பாடசாலைப் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்கு ஒன்று வாசித்து அதே குழுவில் போட்டிருந்தார். அறிவிக்க வேறு ஆள் கிடைக்காமல் இந்த மனுசன் இப்போது தன்னையே கொன்றுவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். பிறகு அதிபரின் குரல் வந்தது. "ஒருத்தரும் சிரியாதேங்கோ. உது பகிடி இல்லை. நான் ஆசுப்பத்திரியிலைதான் நிக்கிறன்."

சிரித்த முகங்களை எல்லோரும் அவசரம் அவசரமாக அழித்தார்கள். "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்ற வரி இன்னமும் அந்தக் குழுவில் வரிசையாகக் கிடக்கிறது. மனம் வைத்தால் ஒரு பகிடியை அழிக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை அன்று கண்ணால் கண்டேன்.

அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "உண்மையோ, அவன்ரை பகிடியோ?" என்று கேட்டார். அப்படிக் கேட்க எங்கள் வீட்டில் அம்மாவைவிட உரிமை உள்ளவர் வேறு யாரும் இல்லை. உண்மைதான் என்றேன். அம்மா எழும்பிக் கொண்டையை முடிந்தார். பிறகு, "அப்ப வெளிக்கிடு. செத்தவீட்டுக்குப் போகாமல் விடேலாது" என்றார்.

இதை அவருடைய கல்வெட்டுக்காக எழுதுகிறேன். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களின் கையில் கொடுத்துவிடும் நினைவு மலரை நாங்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வோம். அதில் இடம்பெறும் எல்லோரும் பண்பாளர், எல்லோரும் கொடையாளி, எல்லோரும் சிரித்த முகம். பரா சேரே ஊரில் எத்தனையோ பேருக்குக் கல்வெட்டு எழுதிக் கொடுத்தவர். "கல்வெட்டிலை பொய் எழுதலாம், டீச்சர். ஆனால் செத்தது ஆர் எண்டு அடையாளம் தெரியிற அளவுக்கு உண்மையும் இருக்க வேணும்" என்பார். அவருக்கு அந்த அளவு உண்மையையாவது நான் கொடுக்க வேண்டும். எழுதியதை ஒரு சொல்லும் மாற்றாமல் போடுவதாக அவருடைய மனைவி பவானி அக்கா வாக்குத் தந்திருக்கிறார்.

நாங்கள் இருவரும் நயினாதீவில் ஒரே பாடசாலையில் படிப்பித்தோம். அவர் தமிழ், நான் கணிதம். காலையில் அவர் வேலணையில் பேருந்தில் ஏறி எனக்கும் இடம் பிடித்துக்கொண்டு வருவார், நான் சரவணையில் ஏறுவேன். குறிகட்டுவானில் இறங்கிப் படகெடுப்போம். சோளகக் காற்று வீசும் ஒரு காலத்தில் படகு ஆடிய ஆட்டத்தில், அம்மன் கோயிலுக்கு வந்த ஒரு தாய் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழத் தொடங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களுக்கும் முகம் வெளிறியது. பரா சேர் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வானொலியில் மரண அறிவித்தல் வாசிக்கிறவரின் குரலை எடுத்தார். "பிரயாணிகளின் கவனத்துக்கு. இந்தப் படகு இன்னமும் காலமாகவில்லை. காலமானால் முதல் அறிவித்தல் நான்தான் தருவேன். அதுவரை தயவுசெய்து அழுகையைச் சேமித்து வைக்கவும்." அந்தத் தாய் அழுதபடியே சிரித்தார். படகு முழுவதும் சிரித்தது. எனக்கு அவரை அன்றைக்குத்தான் மிகவும் பிடித்தது.

அந்தக் குரலைக் கொண்டுதான் முகநூல் பக்கத்தைத் தொடங்கினார். பெயர் "தீவான் சொல்லுறான்". யாழ்ப்பாணப் பட்டினத்தில் தீவுப்பகுதி ஆட்களான எங்களைத் தீவான் என்று உதட்டைச் சுழித்துச் சொல்வார்கள். அந்தச் சொல்லையே எடுத்து நெற்றியில் ஒட்டிக்கொண்டார். ஏன் இந்தப் பெயர் என்று கேட்டேன். "எங்களைப் பாத்து மற்றவன் சிரிக்க முந்தி நாங்களே சிரிச்சுப்போட்டமெண்டால் அவனுக்கு மிச்சம் ஒண்டும் இராது" என்றார். அவர் பேச்சுகளில் நான் அதிகம் நம்பியது இதைத்தான்.

முதலில் ஒரு தண்ணீர்த் தாங்கிக்கு அறிவித்தல் வாசித்தார். திறப்பு விழா நடந்த கையோடு வெடித்துக் காய்ந்துபோன தாங்கி அது. "அன்னார் ஒப்பந்தகாரர், பொறியியலாளர் தம்பதியரின் அன்புப் புதல்வரும், சீமெந்தின் தூரத்து உறவினரும், வறண்ட குழாய்களின் பாசமிகு தந்தையும் ஆவார்" என்று போனது. அந்த 'தூரத்து உறவினர்' நான் படகில் எடுத்துக் கொடுத்தது. அப்போதெல்லாம் அவர் எதை எழுதினாலும் முதலில் என்னிடம்தான் வாசித்துக் காட்டுவார். நான் சிரிக்காத வரியை வெட்டிவிடுவார். தாங்கிக்குப் பொறுப்பான ஒருவர் தொலைபேசியில் கூப்பிட்டு வெருட்டினார். பரா சேர் ஒலிபெருக்கியைப் போட்டு எனக்கும் கேட்க வைத்துக்கொண்டே, மிகவும் பணிவாக, "ஐயா, நான் உங்கடை பேர் சொன்னனானே?" என்றார். கொஞ்ச நாளில் தாங்கியைத் திருத்தினார்கள். "பேர் சொன்னால் அது கோள். பேர் சொல்லாட்டி அது பகிடி" என்று அன்று சொன்னார். அது அவருக்கு ஒரு சட்டம் ஆகிவிட்டது. அந்தச் சட்டத்தில் இருந்த ஓட்டையை நான் அன்று காணவில்லை, ஏனென்றால் அதற்குள் விழுந்தவர் எனக்குப் பிடிக்காதவர்.

இனிச் சொல்வது பலருக்குத் தெரியும். ஆனால் என் வாயால் கேட்டவர்கள் மிகச் சிலர்.

எனக்குக் கலியாணம் செய்து வைத்த மாப்பிள்ளை லண்டன்காரர். கலியாணம் முடிந்த சில கிழமைகளில் திரும்பிப் போனார். ஸ்பொன்சர் செய்து கூப்பிடுவதாக ஏற்பாடு. போனவர், அங்கிருந்து ஊருக்கு வந்த ஒருவரின் கையில் ஒரு குளிர்க்கோட்டுக் கொடுத்துவிட்டிருந்தார். கடும் நீலம், கழுத்தில் பஞ்சுபோல் மயிர் வைத்தது. கடற்காற்று ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும் என்று அம்மா அதை மாதத்துக்கு ஒருமுறை அலுமாரியிலிருந்து எடுத்து, முற்றத்துக் கொடியில் வெயிலில் போடுவார். எங்கள் வீட்டைக் கடந்து பேருந்துக்குப் போகிற எல்லோருக்கும் அந்தக் கோட்டைத் தெரியும். "இன்னும் போகேல்லையோ?" என்று கேட்பார்கள். "அலுவல் நடக்குது" என்பார் அம்மா. வருடங்கள் போயின. அங்கே அவர் வேறொரு பெண்ணோடு பிள்ளையும் குட்டியுமாக இருக்கிறார் என்று லண்டனிலிருந்த என் சிநேகிதி ஒருத்தி எனக்குச் சொன்னாள். அம்மா நெஞ்சுவருத்தக்காரி. இதை எப்படிச் சொல்வது, எப்போது சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரே ஒருவரிடம் சொன்னேன். பாடசாலை முடிந்து திரும்பும்போது மழை. படகில் தறப்பாளை இறக்கிவிட்டிருந்தார்கள். மூலையில் நானும் பரா சேரும் மட்டும். அழத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று பயந்து அதைப் பகிடியாகச் சொன்னேன். "அந்தாள் அங்கை புதுக் குடும்பத்தோடை சுகமாக இருக்குது, சேர். இஞ்சை எங்கடை அம்மா மாசத்துக்கு ஒருக்கா கொடியிலை லண்டனைக் காயப்போடுறா." அவர் சிரிக்கக்கூடாது என்று எவ்வளவோ பாடுபட்டார். உதட்டைக் கடித்தார், கையால் வாயைப் பொத்தினார். பிறகு உடைந்து சிரித்தார். விக்கி விக்கி, மூச்சுத் திணறி, ஒரு சின்னப் பிள்ளையின் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிநேகிதி சொன்ன நாளிலிருந்து எனக்கு வந்த முதல் சிரிப்பு அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார், "நீர் இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும், டீச்சர். நானும் வாய் திறவன்." நான் கேட்கவில்லை. அவராகத் தந்த வாக்கு அது.

சில மாதங்கள் கழித்து ஒரு காலை, வகுப்பில் நிற்கும்போது அதிபர் வந்து வெளியே கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அக்கா என் தொலைபேசிக்கு எடுத்து எடுத்துக் களைத்துப்போய்ப் பாடசாலைக்கு எடுத்திருந்தார். "பிள்ளை, மனத்தைத் திடமா வைச்சிரும். உம்மடை மாப்பிள்ளை மோசம் போட்டாராம். அம்மா விழுந்து கிடந்து அழுறா" என்றார் அதிபர். எனக்கு அந்த மனிதன் மேல் இருந்தது கோபம்தான், ஆனாலும் சாவென்றால் சாவுதானே. பரா சேர் தன் பாடத்தை விட்டுவிட்டு என்னோடு வெளிக்கிட்டார். என் பையைத் தூக்கிக்கொண்டார். படகில் எனக்குத் தண்ணீர் வாங்கித் தந்தார். அவ்வளவு கரிசனை.

படகு பாதி வழியில் இருக்கும்போது பக்கத்து வீட்டு அக்கா மறுபடி எடுத்தார். யார் சொன்னது என்று கேட்டேன். "கனடாவிலையிருந்து உங்கடை சின்னம்மா எடுத்து அழுதவ. முகநூலிலை மரண அறிவித்தல் போகுதாம். சரவணை எண்டும் லண்டன் எண்டும் கோட்டு எண்டும் சொல்லுறாங்களாம்." நான் அதைத் திருப்பிப் பரா சேருக்குச் சொன்னேன். அவர் முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு தொலைபேசியை எடுத்தார். "டீச்சர், ஒருத்தரும் சாகேல்லை. அது என்ரை பகிடி. நேற்றுப் பின்னேரம் போட்டனான்."

அவருடைய தொலைபேசியில், அவருக்குப் பக்கத்தில் இருந்து, முதன்முதலாக அதைப் பார்த்தேன். "சரவணையைப் புகுந்தகமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட திருவாளர் ஸ்பொன்சர் அவர்கள் காலமானார். அன்னார் கலியாண மண்டபம், வீடியோக்காரர் தம்பதியரின் செல்லப் புதல்வரும், விசா அலுவலகத்தின் பாசமிகு மருமகனும், குளிர்க்கோட்டின் ஆருயிர்க் கணவரும் ஆவார். அன்னாரின் நினைவாக அந்த வீட்டுக் கொடியில் மாதத்துக்கு ஒருமுறை லண்டன் காயப்போடப்படும்." அந்த இடத்தில் வானொலிக் குரலை அவரால் பிடித்து வைத்திருக்க முடியவில்லை. உடைந்து சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு வீடியோ முடிந்தது. நன்றாகத்தான் செய்திருந்தார். வேறொருத்தியின் கதையாக இருந்திருந்தால் நான் படகிலேயே விழுந்து சிரித்திருப்பேன். ஒரே ஒரு வித்தியாசம், இந்த முறை அவர் அதை எனக்கு முதலில் வாசித்துக் காட்டவில்லை.

"பேர் சொல்லேல்லை, டீச்சர்" என்றார். அவருடைய வாயிலிருந்து முதலில் வந்தது அதுதான். மன்னிப்பு இல்லை, ஐயோ இல்லை, அம்மாவுக்கு என்ன ஆகுமோ என்றுகூட இல்லை. குறிகட்டுவானில் இறங்கியதும் என் பையை என் கையில் தந்தார். "எனக்கு இஞ்சை ஒரு அலுவல் கிடக்கு. நீர் போம்" என்றார். இறங்குதுறையில் அவருக்கு என்ன அலுவல்? நான் தனியாகப் பேருந்தில் ஏறினேன்.

கனடாச் சின்னம்மாவைக் குறை சொல்லி வேலையில்லை. குசினியில் சமைத்தபடி கேட்டவர் அவர். "பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும்" என்ற தாளத்தில் ஒரு குரல் தொடங்கினால் எங்கள் ஆட்கள் மீதியைக் கேட்கமாட்டார்கள், அழுதபடி தொலைபேசியைத் தூக்கிவிடுவார்கள். சரவணை, லண்டன், கோட்டு. அவருக்கு அது போதுமாக இருந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் வீடு செத்தவீடாகிவிட்டிருந்தது. கதிரைகளை முற்றத்தில் எடுத்துப் போட்டிருந்தார்கள். பெண்கள் அம்மாவைச் சுற்றியிருந்து அழுதுகொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அம்மா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "உன்ரை வாழ்வு போச்சே" என்று கதறினார். அத்தனை பேருக்கும் முன்னால் நான் சொல்ல வேண்டியிருந்தது. "அவர் சாகேல்லை, அம்மா." அம்மாவுக்கு விளங்கவில்லை. "பின்னை?" "உயிரோடைதான் இருக்கிறார். அங்கை வேறை குடும்பத்தோடை இருக்கிறார். எனக்கு முந்தியே தெரியும்." அழுகை அப்படியே நின்றது. ஒப்பாரிக்கு வந்தவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டார்கள். அம்மா என் கழுத்திலிருந்து கையை எடுத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "வந்த ஆக்களுக்குத் தேத்தண்ணி ஊத்து" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போனார். செத்தவனுக்கு அழ வந்தவர்களுக்கு நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு அம்மா அந்தக் கோட்டைக் கொடியில் போடவேயில்லை. அலுமாரிக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது.

அன்று மாலை அந்த வீடியோவுக்குக் கீழே நான் ஒரே ஒரு கருத்து எழுதினேன். "இது என் வீட்டுக் கதை. என் அம்மா வருத்தக்காரி. தயவுசெய்து நீக்கவும்." வந்த பதில்களை இன்னமும் மறக்கவில்லை. நோர்வேயிலிருந்து ஒருவர், "அவர் போட்ட தொப்பி உங்கடை தலைக்கு அளவாக இருக்குதோ டீச்சர்?" என்றார். இன்னொருவர் பகிடியைப் பகிடியாக எடுக்கத் தெரியாத சனத்தால்தான் எங்கள் இனம் முன்னேறவில்லை என்றார். "கோட்டை விக்கிறீங்களோ?" என்று ஒரு பெண் கேட்டிருந்தார். இவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது. தெரியாதவர்கள் சிரித்தால் ஒரு நாள் வலிக்கும், போய்விடும். ஆனால் அந்தக் கோட்டு விலை கேட்ட கருத்துக்குக் கீழே ஒரு விருப்பக்குறி இருந்தது. யார் போட்டது என்று தொட்டுப் பார்த்தேன். பரா சேர். எனக்குப் பேருந்தில் இடம் பிடித்து வைத்த அதே கை.

மறுநாள் ஆசிரியர் அறையில் நேரே கேட்டேன். ஏன் அழிக்கவில்லை?

"உலகம் முழுக்கப் பாத்திட்டுது, டீச்சர். இனி அழிச்சால்தான் உண்மைக் கதை எண்டு சனம் நினைக்கும்."

"அந்த லைக்?"

"அது வாறவை எல்லாருக்கும் போடுறது. வாசிச்சே போடுறன்?"

"நீங்கள் வாய் திறவன் எண்டனீங்கள்."

அவர் மேசையில் இருந்த கொப்பிகளை ஒழுங்குபடுத்தினார். "அண்டைக்கு நீரும் சிரிச்சனீர்தானே?"

"ஓம், சிரிச்சனான். என்ரை வாயாலை சொல்லி நான் சிரிச்சனான். உங்களைக் கூட்டிச் சிரிச்சனான். ஊரைக் கூட்டச் சொன்னனானே?"

அடுத்த நாளிலிருந்து பேருந்தில் நான் முன் இருக்கைக்கு மாறினேன். அவர் கொஞ்ச நாள் வழமைபோல் பக்கத்தில் பையை வைத்து இடம் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு பையை மடியில் வைத்துக்கொண்டார்.

நான் தொட்டாற்சுருங்கி என்று பெயர் எடுத்தேன். எதற்கும் கோபப்படுகிறவள், சிரிக்கத் தெரியாதவள். நான் உள்ளே வந்தால் பேச்சை நிறுத்துகிறவர்களும் இருந்தார்கள். பரா சேர் எழுதிய பகிடிகளில் பாதியை வெட்டித் திருத்தியவள் நான் என்று அவர்களுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. எல்லாவற்றிலும் எனக்கு அதிகம் எரிந்தது இதுதான்.

இரண்டு வருடம் போல் கழித்து அவருடைய மகள் பெரியபிள்ளையாகி, சாமத்தியவீடு வந்தது. பிள்ளையைப் பூவால் சோடித்த படகில் இறங்குதுறைக்குக் கொண்டுவந்து, மேலே கமரா பறக்கவிட்டுப் படம் எடுத்தார்கள். மற்றவர்கள் செய்தபோது இதே பரா சேர் இதே ஆடம்பரத்துக்கு மரண அறிவித்தல் வாசித்தவர். யார் நடத்துகிறார்கள் என்று தெரியாத ஒரு பக்கம் அந்தப் படத்தை எடுத்து, "தீவானின் கடற்படை" என்று தலைப்புப் போட்டுக் கேலி செய்துவிட்டது. அன்று அவர் ஆசிரியர் அறையில் நேரே என்னிடம் வந்தார். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு. "என்ரை பிள்ளையை இழுத்திருக்கிறாங்கள், டீச்சர். பள்ளிக்கூடம் போகமாட்டன் எண்டு அழுகுது. இவங்களுக்கு வீட்டிலை பொம்பிளைப்பிள்ளையள் இல்லையே?"

அந்தப் பிள்ளைக்காக என் மனம் நொந்தது. அது உண்மை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"பேர் சொன்னவையோ, சேர்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னமும் கண்ணுக்குள் நிற்கிறது. அடி வாங்கியவரின் பார்வை. திரும்பிப் போய்விட்டார். அதோடு விளங்கியிருக்கும், அன்று மாலையே என் வீட்டு வீடியோவும் போய்விடும் என்று நான் எண்ணினேன். அவரோ தெரிந்த எல்லோரையும் பிடித்து முறையிட வைத்து, சில நாளிலேயே மகளின் படத்தை அந்தப் பக்கத்திலிருந்து நீக்க வைத்தார். என் அம்மாவின் கோட்டு இருந்த இடத்திலேயே இருந்தது. விளங்காமல் செய்கிறவரை மன்னிக்கலாம். அன்றைக்குப் பிறகு அவர் விளங்காதவர் அல்லர்.

பரா சேரின் செத்தவீட்டில் பந்தலுக்குள் அம்மாவும் நானும் இருந்தோம். எங்களுக்குப் பின்னால் அவரிடம் படித்த இளைஞர்கள் சிலர் தொலைபேசியைச் சுற்றி நின்றார்கள். திடீரென்று அந்தக் குரல் கேட்டது. திருவாளர் ஸ்பொன்சர். "சேரின்ரை திறமான வீடியோ இதுதானடா" என்று ஒருவன் அழுதுகொண்டே சொன்னான். வெளிநாடுகளிலிருந்தும் அதையே பகிர்ந்துகொண்டிருந்தார்கள், கண்ணீர் முகங்களோடு, கும்பிடும் கைகளோடு. அவர் செத்ததால் என் வீட்டுக் கொடி மறுபடி உலகம் சுற்றத் தொடங்கிவிட்டது. நான் எழும்பப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து இருத்தினார். அந்த வீடியோவை அம்மா அதுவரை கேட்டதில்லை. இளைஞர்கள் தள்ளி நின்றதால் அன்றும் அம்மாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை.

எட்டுச்செலவு முடிந்து பவானி அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பரா சேரின் தொலைபேசி. "கல்வெட்டுக்கு நீங்கள்தான் எழுத வேணும், டீச்சர். அவரோடை கனகாலம் போய்வந்தது நீங்கள்தான்" என்றார். நல்லது மட்டும் எழுத என்னால் ஏலாது என்றேன். அவருக்கு உடனே விளங்கியது. "கோட்டு வீடியோவோ?" என்றார். "அவருக்குப் பிழை எண்டு தெரியும், டீச்சர். ஒருக்கா அழிக்க எடுத்தவர். பிறகு, என்ரை எல்லாத்திலையும் இதுதான் நல்லா வந்திருக்கு எண்டு சொல்லி விட்டிட்டார்." பிழை என்று தெரிந்தும் விட்டார் என்பதில் எனக்கு என்ன ஆறுதல் கிடைக்கும் என்று பவானி அக்கா நினைத்தாரோ தெரியாது. அழித்துவிடுங்கள் என்றேன்.

பவானி அக்கா அழத் தொடங்கினார். "மற்ற எல்லாத்திலையும் அந்த ரேடியோக் குரல்தான் கிடக்கு. இதிலை மட்டும்தான் அவரின்ரை சொந்தச் சிரிப்புக் கிடக்கு. நான் அதைத்தான் போட்டுப் போட்டுக் கேக்கிறனான்." தொலைபேசியைத் தட்டினார். அந்தக் கடைசித் துண்டு மட்டும் ஓடியது. விக்கி விக்கி, மூச்சுத் திணறிய சிரிப்பு.

தேத்தண்ணியோடு வந்த அம்மா வாசலில் நின்றுவிட்டார். "உதோ அது?" என்று கேட்டார். "முழுக்கப் போடு பிள்ளை. நானும் ஒருக்காக் கேக்கிறன்."

நான் வேண்டாம் என்றேன். அம்மா கேட்கவில்லை. பவானி அக்கா அதைத் தொடக்கத்திலிருந்து போட்டார். அம்மா தேத்தண்ணித் தட்டைப் பிடித்தபடியே நின்று கேட்டார். கலியாண மண்டபம் போனது, விசா அலுவலகம் போனது, ஆருயிர்க் கணவர் போனது. கொடியில் லண்டன் காய்கிற இடம் வந்தது, சிரிப்பு வந்தது, முடிந்தது. அம்மா தட்டை மேசையில் வைத்தார்.

"உது அவன்ரை கதையில்லை" என்றார். என்னைப் பார்த்தார். "உது நீ கதைக்கிற கதை."

பெற்றவளுக்குப் பிள்ளையின் நாக்குத் தெரியாமல் இருக்குமா? பவானி அக்கா என்னைப் பார்த்தார். "ஓமோ, டீச்சர்?" ஓம் என்றேன். மழை, தறப்பாள், படகு எல்லாம் சொன்னேன். "அப்ப, இவர் இதிலை சிரிக்கிறது..." "நான் சொன்னதுக்குத்தான், அக்கா." அவர் தொலைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தார். போகும்போது வாசலில் நின்று, "நீங்கள் என்ன எழுதித் தந்தாலும் மாத்தாமல் போடுவன்" என்றார்.

மறுநாள் காலை அந்த வீடியோ அந்தப் பக்கத்தில் இல்லை. அழித்தது அவருடைய மகள் என்று பிறகு அறிந்தேன், படகில் பூவோடு வந்த அதே பிள்ளை. அழிக்குமுன் கடைசிச் சிரிப்பை மட்டும் வெட்டித் தாய்க்கு எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அந்தத் துண்டை எனக்கும் அனுப்பியிருந்தாள். கூட ஒரு சொல்லும் எழுதவில்லை.

அவரை அறிந்தவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த வீடியோவைப் பலர் தங்கள் தொலைபேசிகளில் எடுத்து வைத்திருக்கிறீர்கள். அதைப் பரா சேரின் நினைவாக இனி அனுப்பாதீர்கள். தண்ணீர்த் தாங்கி இருக்கிறது, போட்டோக்கொப்பி இயந்திரம் இருக்கிறது, சோளகத்தில் அழுத தாயைச் சிரிக்க வைத்த குரல் இருக்கிறது. அவை அவருடையவை, தாராளமாக அனுப்புங்கள். கொடியில் காய்ந்தது என் அம்மாவின் கோட்டு.

நான் வைத்துக்கொள்வது அந்தச் சிரிப்பை. நான் சொன்ன சொல்லுக்கு ஒரு மனிதர் தன்னை மறந்து சிரித்த சிரிப்பு அது. ஊருக்குக் கொடுத்துவிட்டிருந்தார், இப்போது திரும்பி வந்திருக்கிறது. அதைக் கேட்டால் சில நாள் எனக்கும் சிரிப்பு வருகிறது, சில நாள் வயிறு எரிகிறது. மன்னிப்பு என்ற சொல்லை மட்டும் இந்தக் கல்வெட்டில் யாரும் தேட வேண்டாம். அவர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை.